பம்ப்பா, செமி ஆட்டோமேட்டிக்கா?

போன வாரம் மச்சினன் சென்னையில இருந்து போன் பண்ணினான். "மச்சான், தோட்டத்துல அத்தையை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க? ஒரு துப்பாக்கி வாங்கிடுங்க. பம்ப் ஆக்‌ஷனா, செமி ஆட்டோமேட்டிக்கான்னு மட்டும் முடிவு பண்ணுங்க"ன்னான். அதோட நாலஞ்சு யூடியூப் வீடியோவும் அனுப்பி வெச்சான். எல்லாம் அமெரிக்காக்காரங்க.

அவன் பயப்படறதுல தப்பில்லை. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்துல தோட்டத்து வீட்டுல ஒரே குடும்பத்துல மூணு பேரைக் கொன்னாங்க. 2025ல சிவகிரி பக்கம் தனியா இருந்த வயசான தம்பதி. எங்க கொங்குப் பக்கம் வீடு ஊருக்குள்ள இருக்காது, அவங்கவங்க காட்டுக்குள்ள சாளை கட்டித்தான் இருப்போம். பக்கத்து சாளைக்குக் கூப்பிட்டாக் கேட்காது. அந்த ரெண்டு சேதிக்கப்புறம் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழட்டி பேங்க் லாக்கர்ல வெச்சுட்டாங்க.

வீடியோ எல்லாம் பார்த்தேன். பம்ப்புல ஒவ்வொரு தடவை சுட்டதும் முன்கைப் பிடியைப் பின்னால இழுத்து முன்னால தள்ளணும். காலித் தோட்டா வெளிய விழும், அடுத்தது உள்ள ஏறும். பதட்டத்துல பாதி இழுத்தா நடுவுல சிக்கிக்கும். ரெண்டு கையும் வேணும். செமில அந்த வேலையை வெடிச்ச வேகமே பார்த்துக்கும், விசையை அழுத்தினாப் போதும். தோள்ல உதையும் கொஞ்சம் கம்மி. ஆனா சுத்தமா வெச்சிருக்கணும், வலு கம்மியான தோட்டா போட்டா முரண்டு பிடிக்கும்.

அப்பாவோட பழைய துப்பாக்கி இருக்கிற டீலர் கடையில கேட்டேன். பெரியவர் சிரிச்சுட்டார். "செமி தடை செஞ்ச வகைங்க. அது கலெக்டர் ஆபீஸ் காரியமில்லை, டெல்லி வரைக்கும் போகணும். பம்ப்னா திருச்சி ஃபேக்டரியிலயே செய்யறாங்க. லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்"னார். மச்சினன் கேட்ட பாதிக் கேள்வி அங்கயே முடிஞ்சது.

அப்பாவோடது ரெட்டைக்குழல், 12 போர். நடுவுல மடக்கி ரெண்டு தோட்டா போட்டு மூடணும், அவ்வளவுதான். பன்னியை வெடிச் சத்தத்துல விரட்டத்தான் வாங்கினார். எலக்‌ஷன் வந்தாக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைப்பார், முடிஞ்சதும் வாங்கிட்டு வருவார். ராத்திரி தோட்டா போட்டு வெக்கவே மாட்டார். துப்பாக்கி மடியில திறந்து கிடக்கும், தோட்டா சட்டைப் பையில இருக்கும்.

1994. நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். அப்ப எங்க பக்கம் கிணத்து மோட்டார் ஒயர் திருட்டு ஜாஸ்தி. சொல்லாம கொள்ளாம ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ல வந்து, தடத்துல சுத்தாம சோளக்காட்டுக்குள்ள குறுக்கால நடந்தேன். நான் போனப்புறம் வாங்கின புது நாய், என்னைத் தெரியாது. குலைச்சுத் தீர்த்துது. "யாரடா அது?"ன்னு அப்பா குரல். திடீர்னு முன்னால போய் நிக்கலாம்னு ஒரு கிறுக்கு, பேசாம இருந்தேன். மறுபடி "யாரடா?" அப்புறம் டக்குன்னு ஒரு சத்தம். துப்பாக்கி மூடற சத்தம். சின்ன வயசுல இருந்து கேட்டது, எனக்குத் தெரியாதா! "அப்பா, நாந்தான்!"னு கத்தினேன்.

கிட்டப் போனப்ப திறந்து ரெண்டு தோட்டாவையும் எடுத்துட்டு இருந்தார். பைக்குள்ள போட முடியலை, கை அப்படி ஆடுச்சு. ஒரு வார்த்தை திட்டலை. "சோறு போடு"ன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு வெளிய போயிட்டார்.

வீடியோல எல்லாரும் எது வேகமா சுடும்னுதான் பேசறாங்க. பையில இருந்து எடுத்து, போட்டு, மூடின அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நான் வாயைத் திறந்தேன். குழாய்க்குள்ள ஏற்கெனவே தோட்டா இருக்கிற பம்ப்பா இருந்திருந்தா? யோசிக்கப் பிடிக்கலை.

ராத்திரி வீடு புகுந்தவன்கிட்ட இருந்து காத்துக்கச் சட்டம் இடம் குடுக்குது. பழைய ஐபிசியிலயும் இருந்துச்சு, இப்ப வந்த பிஎன்எஸ்லயும் இருக்கு. ஆனா இருட்டுல நிக்கிறது யாருன்னு சட்டம் வந்து சொல்லாது.

அம்மாகிட்டக் கேட்டேன். "வாங்கி எங்கடா வெப்பே?"

"பூட்டித்தாம்மா வெக்கணும். ரூல் அப்படி."

"அவன் வந்து நிக்கறப்ப நான் சாவி தேடட்டுமா?"

இன்னொண்ணும் இருக்கு. லைசென்ஸ் என் பேர்ல வரும், நான்தான் தொடணும். அம்மா தனியா இருக்கிறதே நான் மண்டிக்குப் போய்த் தங்கற ராத்திரிதான்!

இப்போதைக்கு வாசல்லயும் கிணத்துமேட்டுலயும் ஆள் நடமாடினா எரியற விளக்கு, பின்கதவுக்கு இரும்புக் கிரில், கட்டிலோரம் சைரன் சுவிட்ச். நான் இல்லாத ராத்திரி சித்தி மகன் வந்து படுத்துக்கிறான். வர்றதுக்கு முன்னால போன் பண்ணணும்னு அவனுக்கு அம்மா கண்டிஷன். மச்சினனுக்கு இதுல திருப்தியில்லை. எனக்கும் முழுசா இல்லை, ஊருக்குப் போனா ரெண்டு தடவை போன் பண்ணிடறேன்.

ரெட்டைக்குழல் டீலர் கடையிலதான் இருக்கு. வாரிசு முறையில மாத்த மனு எழுதி பீரோவுல வெச்சிருக்கேன். இன்னும் குடுக்கலை. வருஷா வருஷம் வாடகை மட்டும் கட்டிட்டு வர்றேன்.