ஆவடி லோக்கலில் மார்கஸ் அரேலியஸ்

ஐரோப்பியத் தத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் நேராக கான்ட்டில் போய் விழுகிறார்கள். வேண்டாம். 'மெடிடேஷன்ஸ்' எடுங்கள். கி.பி. 180இல் இறந்த ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் தனக்குத்தானே கிரேக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள். சில பகுதிகள் போர்முனைப் பாசறையில் எழுதியவை.

எந்த மொழிபெயர்ப்பு என்பதுதான் விஷயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஜார்ஜ் லாங் 1862இல் செய்தது. பழைய பைபிள் நடை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் ரயில் அண்ணனூரையும் திருமுல்லைவாயிலையும் தாண்டிவிடும். 2002இல் வந்த கிரெகரி ஹேஸ், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்க அதுதான் சரி. ஐந்தாம் பாகம் தொடங்குவதே, காலையில் எழ மனமில்லாத மனுஷன் தன்னைத்தானே அதட்டிக்கொள்வதோடு. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகிறவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. (பேரரசருக்கே இந்தக் கதிதான் என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.)

ஆங்கிலமே வேண்டாமா? ராஜாஜி இதை 'ஆத்ம சிந்தனை' என்று எப்போதோ தமிழில் தந்துவிட்டார். பிளேட்டோவுக்கு வெ. சாமிநாத சர்மா இருக்கிறார். ஸ்பினோசா, ஹெகல் என்று போனால்தான் எனக்கு ஆங்கிலத்தை விட்டால் வேறு கதியில்லை.

'ஆத்ம சிந்தனை' பழைய பிரதி ஆவடி, பூந்தமல்லி பக்கம் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.