பழைய பாட்டைப் பாடாத பேண்ட்

லண்டன் இண்டி பேண்ட் பிளாக் கன்ட்ரி, நியூ ரோடோட ரெண்டாவது ஆல்பம் வர நாலு நாள் இருக்கும்போது, 2022 ஜனவரி 31ல பாடகர் ஐசக் வுட் விலகிட்டார். மிச்சமிருந்த ஆறு பேர் எடுத்த முடிவு சரின்னுதான் நான் வாதாடுவேன்: அவர் பாடின பாட்டு எதையும் மேடையில தொடல. சில மாசத்துல புதுப் பாட்டு எழுதி, அதை மட்டும் வாசிச்சாங்க. டிசம்பர்ல ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் புஷ் ஹால்ல வாசிச்சதையே 2023ல ஆல்பமாக்கினாங்க. ஸ்டுடியோ மெருகு இல்ல. பியானோவும் வயலினும் மெதுவா ஏறி வர, கூட்டத்தோட சத்தமும் பாட்டுக்குள்ளயே கிடக்கு.

காசு குடுத்தவனுக்குப் பிடிச்ச பாட்டைக் கேக்க உரிமை இல்லையான்னு கேப்பீங்க. நியாயமான ஆசைதான். ஆனா டிக்கெட் ஆசைக்கு வழி விடும், உரிமை தராது. 2017ல வெம்பிளியில ரகுமான் தமிழ்ப் பாட்டு அதிகம் பாடினார்னு இந்தி ரசிகர்கள் சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டப்போ நாம எல்லாரும் கொதிச்சோமே, அதே நியாயம்தான் இங்கயும். அதோட, ஐசக்கோட நடுங்குற குரலுக்குன்னே பிறந்த வரிகளை இன்னொருத்தர் பாடினா அது நகல்தான். அசல் ரெக்கார்டுல பத்திரமா இருக்கு.

2025ல வந்த அவங்களோட ‘ஃபாரெவர் ஹவ்லாங்’ ஆல்பத்துல, அந்த ஆறு பேர்ல டைலர் ஹைட், மே கெர்ஷா, ஜார்ஜியா எல்லரி மூணு பேரும் பாடுறாங்க. முதல் ஆல்பத்தோட சாக்ஸபோன் அலறலுக்காக வந்தவங்களே, இது உங்களுக்கு எப்படிக் கேக்குது?