தாத்தா வீட்டு உத்தரத்துக்குள் ஒரு நாயனம் இருக்குமா?

மயிலாடுதுறையில் கும்பகோணம் பஸ் ஏறும்போதே கண்டக்டர் பிடித்துக்கொண்டார். "சாக்குல என்னப்பா, கட்டையா? லக்கேஜ் போடணும்."

உள்ளே இருந்தது இரண்டு மரத்துண்டுகள்தான். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். தை மாதம் எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது, உத்தரம், தூண், நிலை எல்லாவற்றையும் பழைய மரக்கடைக்காரர் மொத்தமாக விலை பேசி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். லாரியில் அடங்காததை அறுத்தபோது கீழே விழுந்த இரண்டை மட்டும் அப்பா எடுத்து வைத்திருந்தார். "ஒண்ணு ஆச்சாவா இருக்கும்டா" என்பார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம்.

குத்தாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நரசிங்கம்பேட்டை. கவனிக்காவிட்டால் பஸ் தாண்டிவிடும். நம் கல்யாணங்களில் கெட்டிமேளத்தோடு ஒலிக்கும் நாதஸ்வரங்களில் பெரும்பகுதி பிறப்பது இந்தச் சின்ன ஊரில். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழில் செய்யும் குடும்பங்களோ விரல் விட்டு எண்ணும் அளவில்தான்.

நான் போன வீட்டில் கடைசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒருவர் கயிறு இழுக்க, இன்னொருவர் கடைவாராம். சுவரோரம் விதவிதமான நீளத்தில் துளைபோடும் கம்பிகள். பெரியவர் சாக்கைப் பார்த்தார். "மொதல்ல உக்காருங்க தம்பி, கட்டை எங்கயும் போயிடாது" என்றார்.

எல்லாம் அந்தத் துளையில்தான் இருக்கிறது. நாதஸ்வரத்தின் உலவுக்குள் ஓடும் துளை மேலே குறுகலாகத் தொடங்கி, கீழே போகப் போக விரியும். கூம்பு வடிவம். கிளாரினெட்டும் சீவாளி போன்ற ஒரு தட்டை வைத்து ஊதும் வாத்தியம்தான். ஆனால் அதன் துளை ஏறக்குறைய ஒரே அகலத்தில் போகிற குழாய். அதில் 'ச' வாசித்துக்கொண்டே அடுத்த பதிவுக்குத் தாவினால் மேல் 'ச' வராது, அதையும் தாண்டி மேல் ஸ்தாயி 'ப'வில் போய் நிற்கும். கூம்புத் துளையில் அந்தச் சிக்கல் இல்லை. அதே விரல், கொஞ்சம் கூடுதல் மூச்சு, நேராக மேல் 'ச'. ஒலியியல் பாடப்புத்தகத்தில் சமன்பாடு போட்டு விளக்கும் விஷயத்தை, இங்கே ஒரு கை இஞ்ச் இஞ்சாகத் துளையை விரித்துச் செய்துகொண்டிருக்கிறது.

இதே ஊர்க்காரர் ரங்கநாதன் ஆசாரி. பக்கத்து ஊர் திருவாவடுதுறையில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அந்தக் காலத்து நாயனம் 'திமிரி'. குட்டை, சுருதி அதிகம், சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. ஆசாரி உலவின் நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றிப் போட்டு உருவாக்கியதுதான் இன்று எல்லோரும் வாசிக்கும் 'பாரி' நாயனம். உள்ளே அதிரும் காற்றின் நீளம் கூடினால் சுருதி இறங்கும். துளையை நகர்த்தினால் சுரம் நகரும். கேட்க எளிது. ஒரு சுரத்தைச் சரிசெய்யப் போனால் பக்கத்துச் சுரம் கோபித்துக்கொள்ளும் என்பதுதான் வம்பே. எத்தனை உலவை வீணாக்கியபிறகு அந்த மத்தியமம் வந்ததோ!

(மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் கறுப்புச் சோறுதான் அதன் ஒலியைச் சுரத்தோடு சேர்க்கிறது என்று 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சர் சி.வி. ராமன். அவர் பிறந்த திருவானைக்காவலும் இதே காவிரிக்கரைதான். நாயனத்துக்கு அப்படி ஒரு ராமன் வாய்த்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சின்னப் பொறாமை.)

"சரி, பழைய மரம் எதுக்குங்கய்யா? புதுசா வெட்டினா ஆகாதா?"

"புது மரத்துல உயிர் இருக்கும் தம்பி. வளையும், சுருங்கும். நாலு முகூர்த்தம் ஊதினா வெடிச்சிடும்."

அவர் உயிர் என்பதை அறிவியல் ஈரம் என்கிறது. பச்சை மரம் ஈரத்தை இழக்க இழக்கச் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டால் சுருதி போச்சு. வீட்டு உத்தரமாக எழுபது, எண்பது வருஷம் வெயிலும் மழையும் பார்த்த ஆச்சா, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி அடங்கியிருக்கும். இரும்பு மாதிரி கனம் வேறு. அதனால்தான் வீடு இடிக்கிற சேதி வந்தால் இவர்கள் ஓடுகிறார்கள். ஆனால் ஓட்டு வீடுகள் இன்னும் எத்தனை மிச்சம்? கான்கிரீட் வீட்டை இடித்தால் கம்பிதான் கிடைக்கும்.

ஒருவழியாகச் சாக்கைப் பிரித்தார். முதல் துண்டை விரலால் தட்டினார். நுனியைச் சீவி மோந்து பார்த்தார். "இது தேக்கு. பீரோ செய்யலாம்."

இரண்டாவதைத் தூக்கும்போதே அவர் முகம் மாறியது. ஓரத்தில் இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தார். அழுக்குக்கு அடியில் கருஞ்சிவப்பு. "உங்கப்பா சொன்னது சரிதான். ஆனா பாரிக்கு நீளம் பத்தாது. இந்தா, ஆணி வேற அடிச்சிருக்காங்க. அதைத் தள்ளிட்டா திமிரி ஒண்ணு எடுக்கலாம்."

ஊஞ்சல் மாட்டிய ஆணி அது. அந்த ஊஞ்சலில்தான் நான் தூங்கியிருக்கிறேன். லாரியில் போன மீதி உத்தரம் எத்தனை பாரி ஆகியிருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன்; கேட்கவில்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம வீட்ல யாருடா நாயனம் வாசிக்கப் போறா?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "வாசிக்கப் பழகுற பையன் ஒருத்தன் திமிரி கேட்டுட்டிருக்கான். அவன்கிட்ட குடுத்துடலாமா?"

"குடுத்துடுங்க" என்றார் அப்பா, உடனே.

பெரியவர் கட்டையில் சாக்பீஸால் எங்கள் ஊர்ப் பெயரை எழுதி, மற்ற கட்டைகளோடு சுவரில் சாய்த்து வைத்தார். "உள்ள விரிசல் இருக்கான்னு கடைஞ்சாத்தான் தெரியும். ஆவணியில ஒரு போன் பண்ணுங்க தம்பி."