பொருத்தம் பார்த்த கணக்கு

எங்கள் செஞ்சிப் பக்கத்தில் நூறு நாள் வேலையை 'ஏரி வேலை' என்றுதான் சொல்வார்கள். 2006 பிப்ரவரியில் முதல் 200 மாவட்டங்களில் அது தொடங்கியபோதே விழுப்புரம் மாவட்டமும் பட்டியலில் இருந்தது.

நான் புள்ளிவிவர வேலை பார்த்தவன். திட்டம் வந்து சில வருடம் கழித்து, ஒரு ஊரில் கணக்கெடுத்துத் தரச் சொன்னார்கள். ஏரிக்குப் போனவர்கள் வீடு ஒரு பக்கம், போகாதவர்கள் வீடு ஒரு பக்கம். கூட்டி வகுத்தேன். போனவர்கள் வீட்டில்தான் வருமானம் குறைவு. 'திட்டத்தால் குறிப்பிடும்படி பலன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எவ்வளவு பெரிய மடத்தனம்! கிணறும் நிலமும் இருப்பவர் ஏரிக்கு மண் வெட்ட ஏன் வருகிறார்? இல்லாதவர்கள்தானே வந்தார்கள். ஆஸ்பத்திரியில்தான் நோயாளிகள் அதிகம், அதனால் ஆஸ்பத்திரியே ஆகாது என்று சொன்ன கதை.

இதற்கு ஒரு வழி இருப்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். நம் ஊரில் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான். நிலம், படிப்பு, வயது, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் ஒத்த இரண்டு பேரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் வேலைக்குப் போனவர், மற்றவர் போகாதவர். பத்துப் பொருத்தமும் அமைவது கல்யாணத்திலேயே கஷ்டம். அதனால் அத்தனை விவரத்தையும் சேர்த்து, 'இவர் வேலைக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு' என்று ஒரே எண்ணாக்கி, அந்த எண் ஒத்தவர்களை ஜோடி சேர்க்கலாம் என்று 1983இல் ரோசன்பாம், ரூபின் என்ற இருவர் காட்டினார்கள். உலக வங்கியின் டெய்னிங்கரும் லியூவும் ஆந்திராவில் சுமார் 4,000 குடும்பங்களை 2004, 2006, 2008 என்று மூன்று முறை விசாரித்து, இந்தப் பொருத்தத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். போனவர்கள் வீட்டில் சாப்பாட்டில் சத்து கூடியிருந்தது. நாளடைவில் கொஞ்சம் சொத்தும் சேர்ந்திருந்தது.

ஆனால் புருஷன் குடிக்கிறானா, மாமியார் வெளியே விடுவாளா என்பதெல்லாம் எந்த ஜாதகத்தில் வருகிறது?

இன்னொரு சிக்கலும் உண்டு. மல்லாட்டை பிடுங்க ஆள் வருவதில்லை, கூலி ஏறிப்போச்சு என்று என் பெரியப்பா மகன் புலம்பாத நாளில்லை. இம்பர்ட், பாப் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வும், திட்டம் நன்றாக நடந்த மாநிலங்களில் வெளிக்கூலி உயர்ந்தது என்றே சொல்கிறது. தமிழ்நாடும் அந்த வரிசையில் உண்டு. அப்படியென்றால் ஏரிப் பக்கமே போகாதவளுக்கும் ஏறின கூலி கிடைத்திருக்கும். எவ்வளவு சரியாக ஜோடி சேர்த்தாலும் இரண்டு பேரும் மேலே வந்திருப்பார்கள். வித்தியாசம் மட்டும் சின்னதாகத் தெரியும்.

அந்த ஊரில் ஒரு அம்மாவிடம், "இந்த வேலையால உங்களுக்கு என்னம்மா லாபம்?" என்று கேட்டேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போவாம இருந்திருந்தா என்ன ஆயிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? நீங்கதான் படிச்சவரு, நீங்க சொல்லுங்க."

படிவத்தில் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.