உரித்த பிறகும் தெரியும் பெயர்

கைமாறிய டிரெய்லரில் பழைய உரிமையாளரின் பெயரை யாரும் விட்டுவைப்பதில்லை. திருநாவலூர்ப் பக்கம் வாங்கியவர் முதலில் செய்கிற காரியமே பின்பலகையில் உள்ள எழுத்தைச் சுரண்டுவதுதான். பிள்ளைகள் பெயர், குலதெய்வத்தின் பெயர், நடுவில் ஒரு வேல், எல்லாம் போய்விடும். போன பிறகுதான் எனக்கு அந்தப் பலகையில் ஆர்வம் பிறக்கிறது. சுற்றிலும் உள்ள சிவப்புப் பெயின்ட் வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் மட்டும் பெயின்ட் அடித்த நாளின் சிவப்பிலேயே இருக்கும். ‘அங்காளம்மன் துணை’ என்பதை ஒட்டியிருந்தபோது வாசித்ததைவிட உரித்த பிறகு நன்றாக வாசிக்கலாம்.

ஸ்டிக்கர் வெட்டும் கடையில் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இயந்திரத்தின் கத்தி வினைல் தாளை மட்டும் அறுக்கும். அடியில் உள்ள மெழுகுத்தாளில் கீறல் விழாது. எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத தாளை ஒரே இழுப்பில் உரித்துவிடுவார்கள். எழுத்தின் சுழிக்குள் இருப்பதைத்தான் ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். நம் வண்டிகளில் அதிகம் எழுதப்படும் சொல் ‘துணை’. அதில் மூன்று சுழி, அதன்மேல் ஐகாரத்தின் சுருள்கள் வேறு. கடைத் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ‘ணை’யைச் சுத்தம் செய்வதைப் பார்த்தால், தட்டான் வேலை பார்ப்பது போலவே இருக்கும்.

ஒட்டும்போது பலகையில் சோப்புத் தண்ணீர் தெளிக்கிறார். பசை உடனே பிடிக்காமல் மிதக்கிறது. எழுத்தை அரை அங்குலம் இப்படி அப்படி நகர்த்திக்கொள்ளலாம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றுகிறார். எழுத்தைத் தாங்கிவந்த மேல் டேப்பைத் தன்மேலேயே மடித்து இழுத்தால் எழுத்து மட்டும் தங்கிவிடுகிறது.

“ஒட்டறதுக்கு அஞ்சு நிமிஷம் ஐயா. உரிக்கிறதுக்குத்தான் நாங்க கூலி கேக்கணும்” என்றார் அந்தத் தம்பி.

உண்மைதான். வெடுக்கென்று இழுத்தால் பசை முரண்டு பிடிக்கும். தாள் கிழிந்து பாதி நின்றுவிடும். சூடு காட்டி, மெதுவாகச் சாய்த்து இழுத்தால் விட்டுக்கொடுக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குத் தனியாகச் சூடு காட்ட வேண்டியதே இல்லை. 2012 ஏப்ரல் 27 அன்று கார்க் கண்ணாடியில் கறுப்புத் தாள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நாடு முழுவதும் மக்கள் இந்த வேலையைக் கோடை வெயிலில்தான் கற்றுக்கொண்டார்கள். பழைய ஸ்டிக்கர் என்றால் கதை வேறு. வினைலுக்கு நெகிழ்வு தருவது அதில் கலந்துள்ள எண்ணெய் போன்ற ஒரு பொருள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அது வெளியேறிவிடும். தாள் அப்பளமாக நொறுங்கும். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெய். தடவி ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

அந்த நெகிழ்வு வந்த விதமே விசித்திரமானது. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை இரும்போடு ஒட்டவைக்க ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பசை அமையவில்லை. வளைந்து கொடுக்கும் வினைல் கிடைத்தது.

ஸ்டிக்கர் உரித்த பலகையில் போலவே மனிதத் தோலிலும் ஒரு தடம் விழுவதுண்டு. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள பியூட்டைல் ஃபீனால் வகை வேதிப்பொருள் தோலின் நிறமிச் செல்களை அழித்துவிடுவதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொட்டை எடுத்தாலும் நெற்றியில் வெள்ளை வட்டம் நிற்கும். அந்த வட்டத்தை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வைத்துக்கொள்கிற பெண்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

ஊருக்கும் பெயர் ஒட்டுவதுண்டு. தென்னாற்காடு 1993இல் பிரிந்து இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டமானது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கடைப் பலகைகளில் மாவட்டத்தின் பெயர் மேல் மட்டும் வேறு வெள்ளையில் ஒரு வினைல் துண்டு வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இதே திருநாவலூருக்கு ராஜாதித்தபுரம் என்று பெயர் வைத்துக் கல்லிலேயே வெட்டினார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்த காலம் அது. 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே அவன் இறந்தான். கல்வெட்டு இருக்கிறது, அந்தப் பெயரை இன்று ஊரில் யாரும் சொல்வதில்லை. நாவலூர் என்ற பெயர்தான் நின்றது.

நாவலூர் என்றாலே சுந்தரர். உரிப்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அவருடைய கல்யாணப் பந்தலுக்குத்தான் போகிறது. புத்தூரில் மணக்கோலத்தில் இருக்கிறார் நம்பி ஆரூரர் என்ற சுந்தரர். குடையும் தண்டுமாக ஒரு கிழவர் வந்து, ‘இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்று வழக்கு வைக்கிறார். ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது எங்கே உண்டு, நீர் பித்தரா என்று கேட்கிறார் மாப்பிள்ளை. கிழவர் ஓட, துரத்திப் பிடித்து ஓலையைப் பறித்துக் கிழித்தே போடுகிறார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிழித்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். அந்த ஊர்ச் சபை கூடுகிறது. இங்கே, இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் காட்டும் நிதானம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அடியவரின் கதை என்பதற்காக விசாரணையை அவர் அவசரப்படுத்துவதில்லை. சபையார் ஓலையைப் படிக்கச் செய்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பார்க்கிறார்கள். பாட்டன் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வந்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. தீர்ப்பு பேரனுக்கு எதிராகிறது. உம் வீடு எங்கே என்று கேட்டபோது கிழவர் அவர்களை அருட்டுறைக் கோயிலுக்குள் அழைத்துப் போய் மறைந்துவிடுகிறார்.

கிழவராக வந்த சிவன் கிழித்தவரைத் தண்டிக்கவில்லை. பாடச் சொல்கிறார், திட்டிய சொல்லையே முதல் சொல்லாக வைத்துப் பாடு என்கிறார். கூடவே ஒரு பெயரும் தருகிறார். வன்மையாக எதிர்த்துப் பேசியதால் வன்தொண்டன். கோபத்தில் செய்த காரியத்தைத் துடைத்தெறியாமல், அதையே ஒருவனுக்குக் கௌரவப் பெயராகச் சூட்டிய இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

எங்கள் பக்கத்து வண்டிகளில் ‘சுந்தரர் துணை’ உண்டு, ‘பக்தஜனேஸ்வரர் துணை’ உண்டு. வன்தொண்டர் பெயரை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. களிமண்ணில் சக்கரம் புதைந்தாலும் கரும்புப் பாரத்தோடு மல்லுக்கட்டி மேலேறுகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? யாராவது கேட்டு வந்தால், இரவில் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்புகிற ரேடியம் தாளில், பின்பலகை நிறைய, பெரிதாகவே வெட்டிக் கொடுக்கும்படி கடைத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.