கருப்பு வருகிற கிழமை

சின்னத்தையின் தையல் மிஷின் டிராயரைத் திறந்தால் பாபின், நூல்கண்டு, மார்க்கிங் சாக்பீஸ், உடைந்த ஊசிகளைப் போட்டுவைத்த பழைய பவுடர் டப்பா, அத்தனைக்கும் அடியில் ஒரு நாவல். மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கயிறு கட்டிக் கிளிப் மாட்டி மாத நாவல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஜாக்கெட் துணிக்கு மேட்சாக லைனிங் வாங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை போவது அந்தக் கடைக்குத்தான். அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ரமணிசந்திரன் பகலுக்கு, ராஜேஷ்குமார் பஸ்ஸுக்கு, இந்திரா சௌந்தர்ராஜன் ராத்திரிக்கு.

ராத்திரிக் கதையில் எங்களுக்கும் பங்கு கிடைக்கும். சும்மா இல்லை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுக்க வேண்டும், காஜா எடுக்க வேண்டும், பிசிறு வெட்ட வேண்டும். ஒரு ஜாக்கெட்டின் கொக்கிகள் முடிந்தால் ஒரு அத்தியாயம். கண்ணில் நீர் வழிய அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கொக்கி வைத்திருக்கிறேன். கரண்ட் இல்லாத ராத்திரியில்தான் அத்தை நன்றாகச் சொல்வாள்.

அவள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க மாட்டாள். படித்ததை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். கதையில் ஒரு கண்மாய் வந்தால் அது எங்கள் கண்மாய். பாழடைந்த பங்களா வந்தால், எங்கள் ஊரில் பங்களா ஏது, மூடிக்கிடந்த பழைய நெல் குடோன் அந்த வேலையைச் செய்யும். அப்படித்தான் ‘விட்டு விடு கருப்பா’வும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. தப்புச் செய்தவனை ராத்திரியில் குதிரையேறி வந்து தண்டிக்கிற கருப்பு, அந்தக் கருப்புக்கு நடுங்கிக்கிடக்கிற ஒரு கிராமம். கதையில் அந்த ஊருக்குப் பெயர் தோட்டக்காரமங்கலம். எங்களுக்கு அது எங்கள் தெருதான், ஏனென்றால் ஊர் எல்லையில் எங்களுக்கும் ஒரு கருப்பு இருந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேல் ஓங்கிய அரிவாளோடு, பக்கத்தில் வேளார் செய்துவைத்த மண்குதிரைகளோடு. நேர்த்திக்கு வந்த அரிவாள்கள் மழையில் துருப்பிடித்து அவரைச் சுற்றி நட்டுவைத்தபடி நிற்கும். அந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போய்வருவோம். காலையில் கும்பிட்டுக்கொண்டு போவோம், சாயங்காலம் ஓடி வருவோம்.

பிறகு எங்கள் ஊருக்குக் கேபிள் வந்தது. சன் டிவி 1993 தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கியது என்றாலும் எங்களை வந்தடைய இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. பெரிய ஊரில் டிஷ் வைத்திருந்த ஒருவர், புளியமரத்துக்குப் புளியமரம் ஒயரை இழுத்துக் கட்டி, எங்கள் தெருவில் அரிசி மில்காரர் வீட்டுக்கும் இன்னும் இரண்டொரு வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்தார். மில்காரர் வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்காத சிமெண்ட் தரை எங்களுக்கு, பெஞ்சு பெரியவர்களுக்கு, நாற்காலி மில்காரருக்கு.

சன் டிவியில் ‘மர்மதேசம்’ தொடர் வாரம் ஒரு நாள்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. ஒரு கதையை ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள், நாங்களும் காத்திருந்தோம். முதலில் வந்தது ‘ரகசியம்’. நவபாஷாண லிங்கம், சித்தர்கள், இருட்டியபின் தங்கினால் உயிரோடு திரும்ப முடியாத பைரவர் கோயில். அந்தத் தொடர் ஓடிய காலத்தில் தெருநாய்களுக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. தயாரித்தது பாலசந்தரின் மின்பிம்பங்கள், இயக்கியவர் நாகா. கதை இந்திரா சௌந்தர்ராஜன் என்று எழுத்துப் போடும்போது சின்னத்தை, தானே எழுதியதுபோல் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள்.

அடுத்து ‘விடாது கருப்பு’ என்று அறிவித்தார்கள். முதல் வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். “ஏடி, இது நம்ம கதைடி. பேரை மாத்திருக்காங்க, அம்புட்டுத்தான்.”

மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, முடிவு தெரிந்த ஒரே ஆள் தையக்கார அத்தைதான் என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையே சொல்லிக்கொண்டாள் என்பது என் கட்சி. அதன் பிறகு அவள் வாழ்ந்த வாழ்வு இருக்கிறதே! மில்காரர் சம்சாரம் பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டார். கடலைக்காரக் கிழவி ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் கூலி பேசுவதை நிறுத்தினார்கள். டீக்கடையில் நாள் முழுக்க இதே பேச்சு, யார் அந்தக் கருப்பு, சாமியா ஆளா. பஞ்சாயத்துகளில் பெண்பிள்ளைகளின் பேச்சைக் காதில் வாங்காத பெரியவர் ஒருவர், கிழிந்த துண்டை ஓரம் அடித்து வாங்குகிற சாக்கில் வாசலில் வந்து நின்றார்.

“யாருத்தா கொல்றது? எங்கிட்ட மட்டும் சொல்லு, வெளிய விடமாட்டேன்.”

“பாத்துத் தெரிஞ்சுக்கங்க மாமா. சொன்னாக் கருப்பு என்னைய விடாது.”

ஆனால் சில வாரங்களிலேயே அத்தைக்கு ஒரு சங்கடம் வந்தது. புத்தகத்தில் ஒரு மூச்சில் புரட்டிப் போகிற இடத்தைத் தொடர் ஒரு வாரம் முழுக்க நின்று காட்டியது. அதைவிடப் பெரிய சங்கடம் நாகா கதையை அடுக்கிய விதம். பழைய காலம் ஒன்று, நடப்புக் காலம் ஒன்று. சிறுவன் ராஜேந்திரன் கருப்புக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பான், சட்டென்று காட்சி மாறி வளர்ந்த ராஜேந்திரனாகச் சேத்தன் நிற்பார். பட்டணத்திலிருந்து டாக்டர் ஒருத்தி வருவாள். தேவதர்ஷினியும் தொடரில் நடித்தார். (சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜ வாழ்வில் பிறகு தம்பதியானது எங்கள் தெருவில் சொந்த வீட்டுக் கல்யாணச் செய்தி போலப் பேசப்பட்டது.) இரண்டு காலமும் பின்னிப் பின்னி வரும்போது, தெருவில் பாதிப் பேருக்கு எது முன்னால் எது பின்னால் என்று பிடிபடவில்லை. இடைவேளை விளம்பரத்தில் அத்தைதான் விளக்க வேண்டும். “இது இருவது வருசத்துக்கு முந்தி… இல்ல இல்ல, இது இப்ப.” முதலில் எரிச்சல்பட்டாள். “நேராச் சொல்றதுக்கு என்ன கேடு?” என்றாள். போகப்போகத் தன் கதை சொல்லும் முறையையே மாற்றிக்கொண்டாள். அதன்பின் கொக்கி வைத்தபடி நாங்கள் கேட்ட கதைகளெல்லாம் பாதியில் தொடங்கிப் பின்னால் போயின.

இப்போது யோசித்தால், பயத்தின் வகையே அங்கே மாறியது. அத்தை சொல்லும்போது பயந்தவர்கள் நாங்கள் மூன்று நான்கு பிள்ளைகள். ஆளுக்கொரு கருப்பை மனதுக்குள் செய்துகொண்டோம், ஒருவர் கருப்பு மற்றவருக்குத் தெரியாது. தொடரில் ஒரே குளம்புச் சத்தம், தெருவே ஒன்றாகக் கேட்டது. குதிரை வருகிறது என்பதை முதலில் காதுக்குத்தான் சொன்னார்கள். இருட்டு, காற்று, தூரத்தில் குளம்படி. மில்காரர் கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் மூச்சு விடமாட்டார்கள். பிறகு வெள்ளைக் குதிரை. அதன் மேலிருப்பவரின் முகத்தை வாரக்கணக்கில் காட்டாமல் இழுத்தடித்தார்கள். பின்னாளில் வந்த தொடர்களில் பாம்பும் பேயும் கிராபிக்ஸில் தலையை ஆட்டிக்கொண்டு நேராக வந்து நின்றன. சிரிப்புத்தான் வந்தது. காட்டுவதற்குக் காசில்லாத காலத்தில் காட்டாமல் இருக்கும் புத்தி இருந்தது என்பேன் நான்.

இந்த விஷயத்தில் கடைசிவரை அசையாதவர் அப்பத்தா. அவருக்கு இது பேய்க்கதையும் இல்லை, மர்மக்கதையும் இல்லை. கருப்பு எங்கள் வீட்டுக் குலதெய்வம். தனக்குத் தெரிந்த ஒருத்தரைப் பற்றி யாரோ படம் எடுத்திருக்கிறார்கள் என்கிற தோரணையில்தான் வந்து உட்காருவார். அதனால் சரி, தப்பு சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. “இப்பிடியெல்லாம் எடுத்தவொடனே அடிக்கமாட்டாக. மொதல்ல கனவுல வந்து சொல்லுவாக. கேக்கலயின்னா மாடு கண்ணுல காட்டுவாக. அப்பவும் திருந்தலயின்னாத்தேன்.” கருப்பு தண்டிப்பதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, அதைத் தொடர் எடுத்தவர்கள் சரியாக விசாரிக்கவில்லை என்பது அவர் குறை. முகத்தைக் காட்டாததை மட்டும் ஒப்புக்கொண்டார். “அழகர்கோயில்ல உருவமா இருக்கு? கதவுதானே இருக்கு.”

அவர் சொன்னது பதினெட்டாம்படிக் கருப்பை. அழகர்கோயிலில் அடைத்துக்கிடக்கும் பெரிய கதவுக்குத்தான் பூசை. சந்தனம் சாத்துவதும் அந்தக் கதவுக்கே. அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக மலையாள தேசத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளை அந்தப் படிகளின் கீழ் புதைத்ததாகக் கதை சொல்வார்கள். அங்கே போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதென்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. வரப்புத் தகராறு ஒன்றில் கோர்ட்டில் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற ஒருவர், பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் பண்ணு என்று எதிராளி கேட்டதும் இரண்டடி நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்ததை அப்பத்தா அடிக்கடி சொல்வார். அந்த வரப்பை நானே பார்த்திருக்கிறேன். புதிதாக நகர்த்திய இடத்தில் மண் வேறு நிறத்தில் இருக்கும்.

மதுரையிலேயே வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. அவர் அமானுஷ்ய எழுத்தாளர் என்றே அறியப்பட்டார். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அந்தச் சொல்தான் மறுபடி மறுபடி வந்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பட்டணத்து வாசகருக்கு அது அமானுஷ்யம். எங்கள் பக்கத்தில் கருப்பு ஊர் நிர்வாகத்தில் ஒரு ஆள். எல்லைக் காவல், திருட்டு விசாரணை, சத்தியப் பிரமாணம் எல்லாம் அவர் இலாகா. அந்த இலாகாவுக்குள் ஒரு கொலைகாரனோ கொலைகாரியோ புகுந்துகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டதுதான் அந்த நாவலின் சாமர்த்தியம். கேள்வியைப் பட்டணத்து டாக்டர் ஒருத்தி வாயால் கேட்கவைத்தது தொடருக்கு வாகாக அமைந்தது. எங்கள் தெரு அவளை முதலில் விரும்பவில்லை. “இவளுக்கு என்னத்துக்கு இந்த வேலை?” என்றார்கள். சில வாரங்களில் அவள் இருட்டில் தனியாகப் போனால் மொத்தக் கூடமும் “போகாத, போகாத” என்று கத்தியது.

முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தொடர் யூடியூப்பில் இருக்கிறது, பார்க்காதவர்கள் பார்க்கலாம். மனநோய், பிளவுபட்ட மனம் என்று கதை ஒரு பக்கம் திரும்பும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசி வாரம் முடிந்து விளக்குப் போட்டபோது கூடம் இரண்டாகப் பிரிந்தது. மில்காரர், ‘பாத்தீங்களா, எல்லாம் மனுசன் வேலை’ என்றார். கடலைக்காரக் கிழவி, ‘அப்பிடியின்னா மத்ததுக்கெல்லாம் என்ன பதில்’ என்றாள். துண்டு தைக்க வந்த பெரியவருக்கு ஏமாற்றம். இத்தனை மாதம் காத்திருந்தது ஒரு டாக்டர் சீட்டுக்கா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள், புத்தகத்தில் எப்படி என்று. அவள் “படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தக் கிழிந்த அட்டை நாவலை மறுநாள் முதல் வாடகைக்கு விட்டாள். பணமாக வாங்கவில்லை. ஒரு படி கேழ்வரகு, நாலு முட்டை, இப்படி.

அப்பத்தாவிடம் நான் கேட்டேன், கருப்பு இல்லையென்று சொல்லிவிட்டார்களே என்று. வெற்றிலையை மடக்கிக்கொண்டே சொன்னார். “அந்த ஊர்ல அந்தத் தடவ அவக செய்யல. அதுக்கென்ன? செய்யாததைச் செஞ்சாகன்னு சொன்னாத்தேன் கோவம் வரும் அவுகளுக்கு.” டாக்டர் பெண்ணின் மேல் அவருக்கு அன்றிலிருந்து நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது. கருப்பின் பேரில் இருந்த பழியை நீக்கிக் கொடுத்தவளாயிற்றே.

மர்மதேசத்தில் பிறகு ‘சொர்ண ரேகை’ வந்தது. கைரேகைக் கதை. அறிவிப்பு வந்ததும் தெரு மொத்தமும் வழக்கம்போல் அத்தையிடம் ஓடியது. அத்தை மேலூருக்கு ஓடினாள். பெட்டிக்கடையில் கேட்டாள், பழைய புத்தகக்காரரிடம் கேட்டாள், லைனிங் துணி வாங்கும் கடையில்கூடக் கேட்டாள். கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் தெரிந்ததுபோலவே சமாளித்துப் பார்த்தாள். அடுத்தடுத்த வாரங்களில் பெஞ்சிலிருந்து எங்களோடு சிமெண்ட் தரைக்கு இறங்கிவிட்டாள். விளம்பரம் வந்தால் என் கையைக் கிள்ளுவாள். “ஏடி, அவன் கையில அந்த ரேகை எப்பிடிடி வந்துருக்கும்? சொல்லேன்.” நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்த நாட்களையெல்லாம் நினைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் பாத்துத் தெரிஞ்சுக்கங்க அத்தே” என்றேன்.