ஒரு வாரப் பயணமும் ஒரு தொழுகை விரிப்பும்

நாங்கள் டப்ளினில் குடியேறி 9 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலமும் அயர்லாந்தின் மேற்குக் கரையை இரண்டு நாள் விடுமுறைகளில் அவசரமாகத் தொட்டுத் திரும்பியிருக்கிறோமே தவிர, நின்று பார்த்ததில்லை. இந்தக் கோடையில் காயல்பட்டினத்திலிருந்து உம்மா வந்திருக்கிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் காரில் நாட்டுப்புறம் சுற்றி வருவதென முடிவாயிற்று. மேசைமீது வரைபடத்தை விரித்த அன்றே, 14 வயது மகன் கேட்டான்: "வாப்பா, வழியில எல்லாரும் பார்க்கத் தொழணுமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தது. சென்ற ஆண்டு ஏரிக்கரை ஒன்றில் காரை நிறுத்தி முஸல்லாவை விரித்தோம். அந்த நேரம் பார்த்துச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றது. மகன் காருக்குள் சென்று தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டான். வீடு திரும்பும் வரை நான் அவனைக் கடிந்துகொண்டே வந்தேன். அதன்பின்னும் அவன் தொழுகையை விடவில்லை. என்னோடு சேர்ந்து நிற்பதை மட்டும் தவிர்த்து வந்தான்.

அன்றிரவு உம்மாவிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர்கள் சிரித்தார்கள். "மெட்ராஸ் ரயில்ல உங்க வாப்பா தொழ எழுந்திரிச்சப்ப, நீ மேல்படுக்கையில தூங்குற மாதிரி கிடந்தியே, மறந்துட்டியா? அவங்களுக்குத் தெரியும்" என்றார்கள். வாப்பா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "விரிப்பை மடிக்காம வச்சுட்டுப் போய் உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரத்துல நீயே இறங்கி வந்தே."

வாப்பா மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின் கேட்ட இந்தச் செய்தி என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பயணத்தின் தொழுகை நேரங்களையும் நிறுத்தங்களையும் அவனே வகுக்கட்டும் என்று வரைபடத்தை அவனிடம் ஒப்படைத்தேன்.

எனது முதல் திட்டம் பேராசை மிக்கது. வடக்கே டோனகாலில் தொடங்கித் தெற்கே கின்சேல் வரை செல்லும் அட்லாண்டிக் கடற்கரை வழியின் நீளம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். அதில் பாதியையாவது முடித்துவிட எண்ணியிருந்தேன். நாட்டுப்புறச் சாலைகளை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். பல சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். சிலவற்றின் நடுவே புல் வளர்ந்திருக்கும். உள்ளூர்ச் சாலைகளின் வேக வரம்பும் 2025 பிப்ரவரி முதல் 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. உம்மாவின் முழங்கால் வலியையும் கணக்கில் கொண்டு, மகன் பாதிக்கு மேல் அடித்துவிட்டான். எஞ்சியவை மூன்றே ஊர்கள்: கால்வே, கிளிஃப்டன், வெஸ்ட்போர்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு இரவுகள்.

எங்கும் நான்கு நாட்கள் தங்காததால், நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி வாரம் முழுவதும் பயணிகளே. நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கவும், லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த குடும்பங்கள் பயணத்தில் சுருக்கித் தொழுதாலும் இவ்வாறு சேர்த்துத் தொழுவதில்லை. அவர்கள் நிறுத்தங்களை வேறுவிதமாக வகுக்க வேண்டியிருக்கும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இரவு 10 மணியளவில்தான். அதன்பின்னும் வானம் முழுமையாக இருள்வதில்லை. அந்த நாட்களில் இஷாவை மஃரிபோடு சேர்த்துத் தொழும் சலுகையின் அருமை, விடியலுக்கு முன் பிள்ளைகளை எழுப்ப முயன்ற பெற்றோருக்குத் தெரியும்.

உணவைப் பற்றி மனைவி முடிவு செய்தாள். பெருநகரங்களைத் தாண்டினால் ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. ஆகவே சமையலறையுடன் கூடிய வீடுகளை எடுத்து, உறைந்த கோழியையும் மசாலாப் பொடிகளையும் குளிர்ப்பெட்டியில் கொண்டு செல்கிறோம். மேற்குக் கரையில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் சில மீன் வறுவல் கடைகளில் எண்ணெய்க்குப் பதிலாக மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள்; கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் மேயோ மாவட்டத்தின் பாலிஹானிஸ் என்னும் சிற்றூரில் ஜும்ஆ. ஹலால் இறைச்சித் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த முஸ்லிம் சமூகத்திற்காக 1987இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. பள்ளிவாசலாகவே கட்டப்பட்டவற்றில் அயர்லாந்துக் குடியரசின் முதலாவது அதுவே. பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்றாலும், அதைப் பார்க்க உம்மா ஆவலாக இருக்கிறார்கள்.

நேற்று மகன் தன் பட்டியலை என்னிடம் கொடுத்தான். கணக்குச் சரியாக இருந்தது. லுஹருடைய நேரத்திலேயே தாமதிக்கும் எண்ணம் வைத்துக்கொண்டால், மாலையில் தங்குமிடம் சேர்ந்து அஸரோடு சேர்த்துத் தொழலாம். அப்படியானால் வழியில் எங்குமே விரிப்பை எடுக்கத் தேவையில்லை. ஆனால் புதன்கிழமைக்கு நேரே ஒரு வரி எழுதியிருந்தான்: "டூலாக் ஏரிக்கரை. லுஹர், அஸர். உளூவுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும்."

டூலாக் பள்ளத்தாக்கு பெரும்பஞ்சத்தின் துயரம் படிந்த இடம். 1849 மார்ச் மாதத்தில், நிவாரணம் வேண்டி லூயிஸ்பர்கிலிருந்து நடந்து வந்த பசித்த மக்கள் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; அந்தச் சாலையிலேயே பலர் மடிந்தார்கள். அதே பஞ்சத்திற்கு 1847இல் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுன் அனுப்பியதையும் மகன் படித்திருக்கிறான். வாப்பும்மாவுக்கு அந்த இடத்தில் வைத்து அதைச் சொல்ல வேண்டுமாம்.

"அங்கயும் பஸ் வரலாமே?" என்று கேட்டேன். "வந்தா வரட்டும். நீங்க முன்னால நில்லுங்க" என்றான்.

சனிக்கிழமை காலை புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். பாதையின் பாதுகாப்புக்காகத் துஆச் செய்யுங்கள். என் முஸல்லா காரின் பின்பெட்டியில், பெட்டிகளுக்கெல்லாம் மேலே இருக்கிறது.